முப்பத்தேழு பேருக்கு ஒரே கருத்து

கருத்துக் கேட்டு எழுதுகிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: கேட்காதபோது எல்லோரும் சொல்வார்கள், சீட்டும் பேனாவுமாகப் போய் நின்றால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப் போனவர்கள், ஓட்டர் பட்டியல் சரிபார்க்கப் போனவர்கள், வரன் விசாரிக்க நாலு வீடு ஏறி இறங்கியவர்கள், உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் டிவி அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் பதின்மூன்று பேர். அதில் ஊர்க்கவுண்டர் ஒருவர், மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் வெள்ளையன் ஒருவர். பெண்கள் பதினாறு பேர். அதில் ஊர்க்கவுண்டரின் மனைவி பாப்பாத்தியும், என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுப் பொன்னம்மாவும் சேர்த்தி. பிள்ளைகள் ஏழு பேர். மலைக்குக் கீழேயிருந்து பஸ்ஸில் வருகிற கண்டக்டர் தங்கராசு ஒருவர், அவர் முள்ளுக்குறிச்சிக்காரர். ஆக முப்பத்தேழு. இவர்கள் பார்வையாளர்கள். இது தவிர டவுனிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி அம்மாள் ஒருவர், நான் ஒருவன். மொத்தம் முப்பத்தொன்பது. இருபத்தைந்து பேருக்குக் கட்டிய அறை. கைக்குழந்தைகள் இரண்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன, கருத்துச் சொல்லும் நிலையில் இல்லை.

அந்த ஞாயிறு எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு, முன்னால் நடந்த சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

வேலை வந்த விதம்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இருபத்திரண்டு வருடம் பலாப்பழ லாரிகளுக்குப் பழம் எண்ணிக் கொடுத்தேன். ஒருவன் கீழேயிருந்து தூக்கிக் கொடுப்பான், ஒருவன் மேலே வாங்கி அடுக்குவான், நான் நடுவில் நின்று எண்ணுவேன். கீழே மண்டியில் இறக்கி எண்ணும்போது ஒரு பழம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. முழங்கால் தேய்ந்து லாரிப் பக்கம் போக முடியாமல் ஆன பிறகு, பஞ்சாயத்து டிவி அறையின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில், பக்கத்து ஊர்களில் "கணக்கு" என்று கேட்டால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

பஞ்சாயத்து கொடுத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி படத்தை விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. நாமக்கல் தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒரு நாள் ஜீப்பில் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு 'விடுமுறை வீரன்' என்று ஒரு புதுத் தொடர் வரப்போகிறதாம். அதற்காக ஊருக்கு ஒரு கலர் டிவியை இரவலாகக் கொடுப்பார்களாம். பதிலுக்கு, யார் யார் பார்க்கிறார்கள் என்ற பட்டியலும், மாதம் ஒரு முறை ஆளுக்கொரு சீட்டில் அவர்களுடைய கருத்தும் எழுதி அனுப்ப வேண்டும். சீட்டு ஒழுங்காக வரும்வரை டிவி இங்கேயே இருக்கும் என்றார். 

வேற்றாளிடம் பேச எனக்கு வராது. என் தங்கை கல்யாணத்திலேயே பந்தியில் "சாப்பிடுங்கள்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, இலைகளை மட்டும் எண்ணிக்கொண்டு நின்றவன் நான். அதனால் இந்த வேலை வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பேசறதுக்குத்தான் ஊர் பூரா ஆளிருக்கே பெரியவரே, எண்ணறதுக்குத்தான் எங்களுக்கு ஆள் கெடைக்கல."

வில்லனுக்குத் தெரியாத கிழமை

தொடர் இதுதான். வீரன் ஒரு பெரிய நகரத்தில் ஆபீஸ் குமாஸ்தா. காலண்டரில் சிவப்பு மையில் அச்சடித்த நாட்களில் மட்டும் அவனுக்கு அசாத்திய பலம் வரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஓடுகிற ரயிலைத் தோளால் நிறுத்தினான். பொங்கல் வாரத்தில் கரும்பு லாரியைத் தலைக்கு மேல் தூக்கினான். சாதாரண ஞாயிறு என்றால் பறப்பான். கறுப்பு மை நாட்களில் ஃபைல் கட்டைத் தூக்கினாலே அவனுக்கு மூச்சு வாங்கும். வடக்கே எடுத்த தொடருக்குத் தமிழ்ப் பேச்சுச் சேர்த்திருந்தார்கள். வாயை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. காற்றடித்து ஆண்டெனா திரும்பிவிட்டால் அதுவும் வராதே.

முதலில் வெள்ளையனிடம் போனேன். மிளகு பறிக்கிற சமயம். அவர் மரத்தில் சாய்த்த ஏணியின் உச்சியில் நின்றார். நான் அடியில் நின்றேன். கேட்கலாமா, கேட்டால் என்ன நினைப்பார் என்று யோசித்து யோசித்து, அவர் ஒரு கூடை பறித்து முடிக்கும்வரை நின்றேன். கடைசியில் அவரே, "என்ன கணக்கண்ணா, மிளகு எண்ண வந்தீங்களா?" என்றார். கருத்து என்று சொல்லி நோட்டைக் காட்டினேன். மூன்று படி கீழே இறங்கி வந்து, ஏதோ தன் தோட்டத்தில் திருட்டுப் போனதுபோல் கோபமாகச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, அந்த வில்லன் ஊட்டுல காலண்டரே கெடையாதுங்களா? செவப்பு நாளாப் பாத்துப் பாத்துச் சண்டைக்கு வாரான், திங்கக்கெழமை வந்தான்னா ஒரே அடியில சோலி முடிஞ்சுதுங்களே!"

பாதி பார்த்தவர்

கண்டக்டர் தங்கராசு வருகிற பஸ் பத்துக்குக் கால் மணி இருக்கும்போது எங்கள் ஊர் வந்து, பத்தேகாலுக்குக் கிளம்பிவிடும். தொடர் பத்து மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடியும். ஆகவே அவர் ஒவ்வொரு வாரமும் சரியாகப் பதினைந்து நிமிடம் பார்ப்பார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்ததும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடுவார். தொடரை எடுத்தவர்களோ முதல் பாதியில் வீரனை நன்றாக அடிவாங்க விட்டு, பிற்பாதியில்தான் எழுந்து நிற்க வைப்பார்கள்.

நாலாவது வாரம் அவர் பஸ் படியில் ஏறும்போது நோட்டை நீட்டினேன். பயணிகள் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி யோசித்தார். வீரன் மேல் அவருக்கு இரக்கம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பிற்பாதியில் அவன் ஜெயிக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பார்வையாளரின் கருத்தை மாற்றும்படி எதுவும் பேசக்கூடாது என்று சீட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "ஆளு தங்கமான ஆளுங்க பெரியவரே, ஆனா அவன் ஒருக்காகூட ஜெயிச்சு நான் பாத்ததில்லீங்க."

சட்டை யார் தைப்பது

சீட்டில் மூன்றாவது கேள்வி, 'விடுமுறை நாட்களில் நீங்கள் செய்வது என்ன?' என்பது. பொன்னம்மா மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கேள்வியை இரண்டு முறை வாசித்தேன்.

"லீவுன்னா என்னங்கண்ணா?"

"வேலைக்குப் போகாத நாள்."

"மழை விடாமப் பேஞ்சு காட்டுக்குப் போக முடியாம ஊட்டுல கெடக்கற நாளுங்களா?"

"அப்படி வைத்துக்கொள்ளேன்."

"அன்னைக்குத்தான் ஊடு ஒழுகும். ஒழுகற எடத்துக்கெல்லாம் ஏனம் வெக்கோணும், ரொம்பினா எடுத்து ஊத்தோணும். எழுதிக்குங்க."

பக்கத்தில் அவள் பெண், "அம்மா, அந்த மாமா வீரனைப் பத்திக் கேக்கறாரு" என்று எடுத்துக் கொடுத்தாள். பொன்னம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அப்படி ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னது எனக்கு இந்த வேலையில் அதுவே முதல் தடவை. "பலம் வர்ற நாளெல்லாம் சட்டையக் கிழிச்சுக்கிட்டு வாரான், அடுத்த வாரம் புதுசாட்டம் போட்டுக்கிட்டு நிக்கறான். நடுவுல லீவே இல்லாம உக்காந்து அதத் தைக்கற அவங்கம்மாவப் பத்தி எங்காச்சும் ஒரு வார்த்த வந்துதுங்களா?"

ஊர் கூடி எடுத்த முடிவு

மாதக் கடைசியில் என் நோட்டில் பென்சிலால் எழுதிய முப்பத்தேழு கருத்துகள் சேர்ந்தன. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. பேனாவால் சீட்டில் ஏற்றுவதுதான் பாக்கி. அதற்குள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிற விஷயம் ஊர்க்கவுண்டர் காதுக்குப் போனது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ரோடு கேட்டு, பஸ் கேட்டு, பள்ளிக்கூடம் கேட்டு, எந்தக் காகிதம் ஊரைவிட்டு வெளியே போனாலும், முன்னால் கோயில் வாசலில் உட்கார்ந்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேசுவார்கள். பேசி முடிந்ததும் ஊர்க்கவுண்டர் ஒரு முறை சொல்வார். அதுதான் ஊர்ப்பேச்சு. பஸ் வந்தது அப்படித்தான். அந்த வழக்கத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

நோட்டைப் படிக்கச் சொன்னார். என் குரல் கேட்காமல் எல்லோரும் கிட்டக்கிட்ட நகர்ந்து வந்தார்கள். முப்பத்தாறு கருத்துகளைப் படித்தேன். பாப்பாத்தி சொன்னதை மட்டும் படிக்கவில்லை. புருஷன் முன்னால் படிக்கிறாற்போல் அது இல்லை. ஊர்க்கவுண்டர் முகம் வாடிவிட்டது. "காயிதம் டவுனுக்குப் போகுது. ஒருத்தன் நல்லாருக்குங்கறான், ஒருத்தன் வில்லனுக்கு யோசனை சொல்றான், ஒருத்தி சட்டை கிழியுதுங்கறா. படிக்கறவங்க என்ன நெனப்பாங்க? ஒத்துமை இல்லாத ஊருன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றார். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. ஒன்றரை மணி நேரம் பேசி முடிவு செய்த வாக்கியம்: 'வீரன் நல்ல பிள்ளை, வேலை நாளிலும் உதவி செய்தால் எல்லோருக்கும் நல்லது.' கண்டக்டர் வெளியூர்தானே என்று ஒருவர் கேட்டார். நம் அறையில் உட்கார்ந்து பார்க்கிறவர் நம்மவர்தான் என்று அவருக்கும் அதையே எழுதச் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனி கொடுத்தவை நாற்பது சீட்டு. ஒன்பது வார்த்தையை முப்பத்தேழு முறை எழுதினேன். முந்நூற்று முப்பத்து மூன்று வார்த்தை, அடித்தல் திருத்தல் கிடையாது. மீதி மூன்று சீட்டை 'மீதி 3' என்று ஒரு துண்டுத்தாள் வைத்து அதே உறையில் போட்டேன். பிறகு நோட்டில் பென்சிலால் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. இதைப் படிக்கிற உங்களில் யாராவது "ஐயோ" என்று சொல்வது எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. ஊர்க்கவுண்டர் அடுக்கி வைத்த சீட்டுகளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்: "பாத்தியா கணக்கு, இப்பத்தான் இது ஒரு ஊராட்டம் இருக்குது."

கடிதம்

இரண்டு வாரம் கழித்துக் கண்டக்டர் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தேழு சீட்டிலும் ஒரே வாக்கியம் என்று அதில் எழுதியிருந்தது. இப்படிப் பார்வையாளர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று நேரில் பார்க்க வருகிற ஞாயிறு ஓர் அதிகாரி வருவார். இல்லை என்று தெரிந்தால் டிவியை அன்றே எடுத்துக்கொண்டு போவார். என் பெயரும் நீக்கப்படும். காரணம் என்று ஒரு கோடு போட்டு, அதன்மேல் 'பொய்க் கணக்கு' என்று டைப் அடித்திருந்தார்கள்.

டிவி போனால்கூட வேறு வரும். அந்த இரண்டு வார்த்தைதான் எனக்குச் சோற்றை இறங்க விடவில்லை. இருபத்திரண்டு வருடம் எண்ணியவன். ஒரு பழம் பிசகியது கிடையாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கவுண்டரிடம் போனேன். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. பழையபடி கருத்துகளைத் திரும்பச் சேகரித்துவிடலாமா என்று கேட்டேன். ஊர் பேசி முடித்ததை எப்படி மாற்றுவது என்றார். அன்றிலிருந்து மிளகுத் தோட்டத்தில், குழாயடியில், கோயிலில், யாரைப் பார்த்தாலும் நிறுத்தி அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அதற்கு ராகம் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எனக்குத் தைரியம் சொன்னார்: "வரட்டும் கணக்கு, முப்பத்தேழு பேரும் எழுத்துப் பிசகாம அதையே சொல்லிப்போட்டா, அப்பறம் எங்கிருந்து சந்தேகம் வரும்?"

எழுபது வளைவு ஏறி வந்தவர்

அதிகாரி ஓர் அம்மாள். முப்பது வயது இருக்கும். கம்பெனி ஜீப் ரிப்பேர் என்று பஸ்ஸிலேயே வந்திருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவர் முகத்தில் தெரிந்தது. கையில் ஓர் எலுமிச்சம்பழம். எங்கள் பெண்கள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். பையிலிருந்து ஐம்பது புதுச் சீட்டு எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குப் பக்கத்தில், டிவியைத் திரும்பப் பெற்றதற்கான ரசீது ஒன்று. என் கையெழுத்துக்கு அதில் இடம் விட்டிருந்தது. 

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளையனைக் கூப்பிட்டார். "தொடர் எப்படிங்க இருக்கு?" வெள்ளையன் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "வீரன் நல்ல பிள்ளை, வேலை நாளிலும் உதவி செய்தால் எல்லோருக்கும் நல்லது" என்றார். அடுத்தது பொன்னம்மா. அதே வாக்கியம், மூச்சு விடாமல். அடுத்தது ஒரு சின்னப் பெண். கைகட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி ராகத்தோடு பாடிவிட்டாள். ஊர்க்கவுண்டர் பெருமையாகத் தலையாட்டினார். அதிகாரி ஒரு சீட்டைக்கூட எடுக்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார். 

நடந்ததைச் சொல்ல நினைத்தேன். ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுத்தான். அதிகாரி ரசீதை என் பக்கம் தள்ளி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு அழகா மனப்பாடம் பண்ண வெச்சிருக்கீங்களே பெரியவரே, நீங்க வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்."

பத்து மணிக்கு மேல்

கையெழுத்துக்கு முன்னால் டிவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், அது விதி என்றார். போட்டேன். மணி பத்து. தொடரின் இசை வந்தது. அன்றைய கதையில் வில்லன், வீரன் வேலை பார்க்கும் ஆபீசுக்கே மேனேஜராக வந்துவிட்டான். வீரன் ஒரு பஸ்ஸை, உள்ளே இருக்கிற ஜனங்களோடு தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு மேலே பறக்கிறான். ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சமயம் பார்த்து மேனேஜர், 'இன்று வேலை நாள்' என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறான். காலண்டரில் சிவப்பு ஞாயிறு மெல்ல மெல்லக் கறுப்பாகிறது. வானத்தில் வீரனுடைய கை தளர்கிறது.

வெள்ளையன் துள்ளி எழுந்தார். "அப்பிடிப் போடு! ஒன்றரை மாசமா நான் தலபாடா அடிச்சுக்கறது இப்பத்தான் அவன் மண்டைல ஏறுச்சு!"

"பஸ்ஸுக்குள்ள ஜனமிருக்குது, நீ வில்லனுக்குக் கை தட்டறயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சட்டை போச்சு!" என்றாள் பொன்னம்மா. "பாருங்க, தோள்பட்டைல. இன்னைக்கும் அந்தம்மாளுக்கு வேலை."

ஒரு பையன், மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை, ஆகவே அந்த நோட்டீஸ் கணக்கில் வராது என்றான். இன்னொருவன், அரை நாள் லீவு என்றால் அரைப் பலமாவது இருக்க வேண்டுமே என்று கேட்டான். இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. இதற்குள் ஊர்க்கவுண்டர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்குத் தீர்க்கிறவர்போல் டிவிக்கு நேராகப் போய் நின்றார்.

"செல்லாது! ஞாயித்துக்கெழமைய வேல நாளாக்க இவன் யாரு? ஊரக் கூட்டினானா? நாலு பேரக் கேட்டானா? தன் இஷ்டத்துக்கு எழுதி ஒட்டிப்போட்டா ஆச்சா?"

"நீங்க உக்காருங்க மொதல்ல, மறைக்குது" என்றாள் பாப்பாத்தி. "அந்த வில்லன் மொகமே தெரிய மாட்டேங்குது."

"அவன் மொகத்துல என்ன இருக்குதுங்கறே?"

"லட்சணம் இருக்குது. இந்த வீரனும் இருக்கானே, மூக்கு மட்டும் ஒரு முழம்."

அறை சிரித்தது. நான் நோட்டிலிருந்து படிக்காமல் விட்டது அதுதான்.

திரும்பிப் பார்த்தேன். அதிகாரி பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சீட்டு மாற்றிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். "யார் சொன்னது அது? பேர், பேர்!" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "வெள்ளையன், பட்டியலில் நாலாவது. பொன்னம்மா, பத்தொன்பது. மூக்கைச் சொன்னது பாப்பாத்தி, பதினாலு" என்று சத்தமாக அடுக்கினேன். லாரி மேல் பழம் ஏறும்போது வருகிற அதே குரல். நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பத்தேகாலுக்கு வெளியே ஹாரன் அடித்தது. கண்டக்டர் அசையவில்லை. அதிகாரி அம்மாள் திரும்பிப் போக வேண்டும் என்று பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார். ஆகவே தங்கராசு அன்றுதான் முதல்முறையாகப் பிற்பாதியைப் பார்க்கிறார். நாலு வரிசை தள்ளி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ வாரம் பிற்பாதியில் எழுந்து நின்ற வீரன், அன்றைக்கென்று பார்த்து, பஸ்ஸைக் கரையில் இறக்கிவிட்டு, தலைகுப்புற ஆற்றில் விழுந்தான். 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். கண்டக்டர் எழுந்து, விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னனில்லீங்க பெரியவரே, அவன் ஜெயிக்க மாட்டானுங்க."

மூன்று சீட்டு

டிவியை நிறுத்திய பிறகும் சீட்டு எழுதும் வேலை அரை மணி நேரம் ஓடியது. பேசாமல் இருந்தவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். மிளகு காய்ந்துகொண்டிருக்கிறது என்று ஒருவரும் போகவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தங்களுக்கும் ஒரு கருத்து உண்டு என்றார்கள். அவர்கள் பட்டியலில் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஊர்க்கவுண்டர் மேனேஜரின் நோட்டீஸ் செல்லாது என்று ஒரு சீட்டு எழுதச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, லீவு விடுவது எப்போதும் ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இன்னொரு சீட்டு. வாசல்வரை போனவர் மறுபடி வந்தார். பாப்பாத்தி எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டு, குனிந்து, வில்லன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்ட வேண்டாம் என்று மூன்றாவது சீட்டு எழுதச் சொன்னார்.

அதிகாரி அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஒன்பது வார்த்தை எப்படி வந்தது என்று அப்போதுதான் கேட்டார். ஊர்க்கவுண்டரே சொன்னார், கோயில் வாசலில் உட்கார்ந்தது முதல். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, என் கருத்து என்ன என்றார். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றேன். அந்த ரசீதை எடுத்து நாலாகக் கிழித்தார். நான் எண்ணினேன், நாலு துண்டு. கடிதத்தில் இருந்த இரண்டு வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மீந்த சீட்டை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை நீட்டிச் சொன்னார்: "அடுத்த மாசம் ஊரைக் கூட்டாதீங்க பெரியவரே, டிவியை மட்டும் போடுங்க!"

ஊருக்கு ஒரே கருத்துதான் என்று முடிவு செய்தவர் ஒருவரே மூன்று சீட்டு வாங்கிக்கொள்ள, மற்ற முப்பத்தாறு பேரும் ஆளுக்கொன்று சொல்லி முடித்த அன்று, ஐம்பது சீட்டில் மீதி பதினொன்று.